ரோஸி சிஸ்டரின் ஒன்பது கோழிகள்

“தலை இருக்கா சார்?”

ரோஸி சிஸ்டர் என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி இதுதான். செத்துப்போன என் கோழியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். “ஐயோ பாவம்” என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் காகிதத்தைப் பிரித்து நேராகக் கழுத்தைப் பார்த்தார். தலை இல்லை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, அவர் மகன் ஜான்சன் போனில் “அம்மா போய்ட்டாங்க சார்” என்று சொன்னபோது, ஏனோ அந்தக் கேள்விதான் என் காதில் கேட்டது. விடிந்ததும் வழக்கம்போல் கோழிக்கூண்டைத் திறந்துவிட்டிருக்கிறார். பிறகு வந்து வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சேலையூர்ப் பக்கம் எங்கள் தெருவில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. அரசு மருத்துவமனையில், பெரும்பாலும் அவசரப் பிரிவில், முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். உங்களில் பலருக்கு ஊசி போட்டிருப்பார், சிலருக்கு முட்டையும் கொடுத்திருப்பார். நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். பிராணிகளைப் பற்றி வருடக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் என் கொல்லைக்கு வந்துபோன பிராணி எது என்பதை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“காயத்தைப் பாத்தா ஆளைச் சொல்லிடலாம் சார். தலை மட்டும் இல்லன்னா மரநாய். கால்ல கடிச்சிருந்தா பெருச்சாளி. கோழியே காணோம்னா நாயா இருக்கும், இல்ல ரெண்டு கால்ல வந்தவனா இருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். மரநாய் பூனை அளவுதான் இருக்கும். நீண்ட வால், கறுத்த முகம். பகலெல்லாம் யார் வீட்டுப் பரணிலாவது தூங்கிவிட்டு, இருட்டியதும் மதில்மேல் நடக்கும். என் கூண்டைப் பார்க்க வந்தவர், நான் பெருமையோடு அடித்திருந்த கோழி வலைக்குள் இரண்டு விரலை நுழைத்து ஆட்டிக் காட்டினார். “இது கோழி வெளிய போகாம இருக்கறதுக்கு சார். உள்ள கை விடறவனுக்கு இது ஜன்னல்.” மறுநாளே நெருக்கமான கம்பி வலை வாங்கி வந்து அடித்தேன்.

அவர் வீட்டில் ஒரு பழைய பால்பவுடர் டப்பா நிறையக் கோலமாவு இருக்கும். சாயங்காலம் கூண்டைப் பூட்டியபின் அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மாவைத் தூவிவைப்பார். காலையில் குனிந்து, இரவு யார் வந்தார்கள் என்று தடத்தைப் பார்ப்பார். மளிகைக் கடைக்காரருக்கு இது புரிந்ததே இல்லை. “இன்னா சிஸ்டர், சர்ச்சுக்குப் போய்க்கினு வாரா வாரம் கோலமாவு வாங்கறீங்க? பாதருக்குத் தெரியுமா?” என்று ஒருநாள் என் முன்னாலேயே சீண்டினார். “விசிட்டருக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறேன்யா. நீ நிறுத்துப் போடு” என்றார் சிஸ்டர்.

அட்டெண்டன்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. கோழிகளை அவர் ஒருபோதும் கண்ணால் எண்ணியதில்லை. கூண்டுக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டு, ஒன்பது வந்தபின்தான் தாழ்ப்பாள் போடுவார். “எதுக்கு சிஸ்டர், பார்த்தாலே தெரியுதே?” என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொன்னார். இரவு ரவுண்ட்ஸில் எல்லாக் கட்டிலிலும் ஆள் இருப்பதாக எழுதிவைத்தாராம். ஒரு கட்டிலில் இருந்தது போர்வைக்குள் தலையணை. அந்த ஆள் காம்பவுண்டுக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தார். “கண்ணு இருக்கணும்னு நினைக்கறதை எண்ணும் சார். கைதான் இருக்கறதை எண்ணும்.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வகுப்பில் தலையை நிமிர்த்தாமல் ‘பிரசன்ட் சார்’ என்ற குரலை மட்டும் கேட்டுப் பல வருடம் வருகை குறித்தவன் நான். சிரித்திருக்கக் கூடாது.

அந்த வியாழக்கிழமை மாலையே அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. மதிலோரக் குழல்விளக்கு இரண்டுமுறை மினுக்கிவிட்டு எரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. காலையில் அவர் திறந்த கூண்டு. அதை யார் மூடினார்கள்?

“கோழிக்கூண்டை மூடினாங்களா?” என்று என் மனைவியின் காதருகில் கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? நீங்கதானே தினம் அங்கயே நிப்பீங்க.”

ஜான்சனைக் கேட்கிற நேரமா அது? ஒரு பிடி மண் போட்டுவிட்டுச் சாலைக்கு ஓடினேன். ஆட்டோ கேம்ப் ரோடு சந்திப்பில் மாட்டிக்கொண்டது. முன்னால் மூன்று பஸ். வானத்தில் கடைசி வெளிச்சம். நான் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்து, “இன்னா சார், ஆஸ்பத்திரி கேஸா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லப்பா. கோழி.”

“கோழியா? கோழிக்கா சார் இவ்ளோ பேஜாரு?”

ஒன்பது கோழியும் தலையில்லாமல் கிடப்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அப்படியே இருந்தன. சந்து வழியாகக் கொல்லைக்குப் போனேன். கூண்டுக் கதவு திறந்திருந்தது. போன் டார்ச்சை அடித்தேன். குறுக்குக் கம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சேவல், சிவப்பு, புள்ளி… கடைசியாக மூலையில் கறுப்புப் பெட்டை. ஒன்பது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கையை உள்ளே விட்டுத் தொட்டிருக்க வேண்டும். விடவில்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் எதையும் தொடக்கூடாது என்று சிறு வயதிலிருந்து பழகிய உடம்பு. இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டதற்கே மனம் உறுத்தியது. உயிருள்ள கோழிகளை, அதுவும் அவருடைய கோழிகளை, அந்தக் கையால் தொட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு தாழ்ப்பாளும் போட்டேன். டப்பாவைச் சாய்த்துக் கூண்டைச் சுற்றி மாவைக் கொட்டினேன். சிஸ்டர் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார் என்ற திருப்தியோடு குளிக்கப் போனேன்.

மறுநாள் காலையில் சிஸ்டர் வீட்டுக் கொல்லைக்குப் போனபோது முருங்கை மரத்தடியில் கறுப்பு இறகுகள் கிடந்தன. பக்கத்தில் பெட்டை. தலை இல்லை. மாவில் ஐந்து விரல் தடம் கூண்டைச் சுற்றி ஒரு வட்டம் போய்த் திரும்பியிருந்தது. அவர் அடித்த வலை அசையவில்லை. கூண்டைத் திறந்து கையை விட்டேன். மூலையில் குறுக்குக் கம்பின்மேல் நான் தொட்டது, மழைச் சாரலுக்காக அவர் சுருட்டி வைத்திருந்த கறுத்துப்போன பழைய கோணி. இரவு நான் ஒன்பதாவதாக எண்ணியது அதைத்தான். பகல் முழுக்க இருந்த கூட்டத்துக்கு மிரண்டு கறுப்புப் பெட்டை வெளியிலேயே தங்கியிருக்கிறது.

ஜான்சனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கோணியையும் சொன்னேன், குளிக்காமல் தொட மனம் வராததையும் சொன்னேன். அவர் குனிந்து ஒரு கறுப்பு இறகை எடுத்தார்.

“அம்மா உங்களை நல்லா திட்டியிருப்பாங்க சார். அப்புறம் காப்பி குடுத்திருப்பாங்க” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஒரே டூட்டில பொணத்தையும் துடைச்சு அனுப்பிட்டு, கைய கழுவிட்டு, பொறந்த குழந்தையையும் தூக்கினவங்க சார் அவங்க. தொட்டா ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டாங்க.”

மறைமலை நகரில் அவருக்கு வேலை. இங்கே தங்க முடியாது. மீதிக் கோழிகளைக் கறிக்கடையில் கொடுத்துவிடலாம் என்று மாமா சொல்வதாகச் சொன்னார். நான் எட்டையும் என் கொல்லைக்குக் கொண்டுவந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலரை மணிக்கே மனம் கொல்லைக்குப் போய்விடுகிறது. போன வாரம் கோவிலம்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை மேடைக்கு வருமுன் கிளம்பிவிட்டேன். பெண் வீட்டாருக்கு வருத்தம்தான். என் வருத்தம் கறுப்புப் பெட்டை.

சிஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பவை: எட்டுக் கோழிகள், பாதி டப்பா கோலமாவு, “தலை இருக்கா” என்ற அந்தக் குரல். அந்தக் கோணியைத் தூக்கிப் போடவில்லை. என் கூண்டின் வெளிப்புறத்தில், கண்ணில் படும்படி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

நம் தெருவில் இன்னும் சில வீடுகளில் கோழி வளர்க்கிறீர்கள். இன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, கூண்டுக்குள் கையை விட்டு ஒவ்வொரு கோழியையும் தொட்டு எண்ணிவிட்டுத் தாழ்ப்பாள் போடுங்கள்.