கதிரை முதலில் ஏறட்டும்

காலை ஆறரைக்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்தச் சாரதியும் தாண்டமாட்டான், அங்கேயே இறங்கினேன். ஒரு சுருள் கச்சான் கடலை நூறு ரூபா. என் பள்ளித்தோழி மலருக்கென்று இரண்டு வாங்கி, ஒன்றை நானே தின்று முடித்தேன்.

அவள் ஊரான அக்கராயனுக்கு ஓட்டோ ஆயிரத்து ஐந்நூறு கேட்டது. "மலரக்கா வீட்டையோ? அவா இண்டைக்கு வெள்ளக் கூட்டத்தில சண்டை பிடிக்கப்போறாவாம்," என்றார் சாரதி. "அவா பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான்," என்றேன்.

குளக்கட்டில் ஏறியதும் ஓட்டோவை மெதுவாக விடச் சொன்னேன். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்கிறதென்றால், பள்ளிக்கூடம் விட்டதும் மலர் சைக்கிளை இங்கேதான் விடுவாள். பின்னால் நான். பள்ளம் வரும்போதெல்லாம் "பிடிச்சிருக்கிறியோடி?" என்று கத்துவாள். அந்தக் கால்கள் இரண்டும் யுத்தத்தின் கடைசிச் சண்டையில் போய்விட்டன. அன்று வேடிக்கை பார்த்த தண்ணீர், இன்று அளவு தப்பிக் கொட்டுகிற மழையில் ஒரே இரவில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

பத்து மணிக்குக் கூட்டம். வழக்கமாகப் பொதுமண்டபத்துக்குள் நடப்பது. படி ஏற முடியாதென்று மலர் அதை மருதமரத்தடிக்கு இறக்குவித்திருந்தாள். தன் சில்லுக் கதிரையில், அந்தச் சக்கர நாற்காலியில், முன்வரிசையில் இருந்தாள். வெள்ளம் வந்தால் யாரை முதலில் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏற்றுவது என்று பேச்சு.

"பிள்ளை, நீங்கள் ஏன் கரைச்சல்படுறியள்? போன மாரியும் உங்களைத்தானே முதல் தூக்கினனாங்கள்," என்றார் கூட்டத் தலைவர், அன்பாகத்தான்.

"ஓம் அண்ணை. அந்த நன்றி மறக்கேல்லை. என்னைத் தூக்கினியள், கதிரையை விட்டிட்டியள். வெள்ளம் வடியுமட்டும் பள்ளிக்கூட மூலையில கிடந்தனான். கக்கூசுக்குத் தூக்கச் சொல்லி ஆரைக் கேக்கிறது? வெட்கத்தில தண்ணியே குடிக்கேல்லை."

எனக்கே அது புதிது. போனில் எத்தனை தரம் கதைத்தோம், சொல்லவே இல்லை கள்ளி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்வரிசையில் ஒருவர் முனகினார்: "உயிர் போற நேரத்தில கதிரையை ஆர் பார்க்கிறது?"

"அது கதிரை இல்லை அண்ணை, என்ர கால். உங்கட காலை வீட்டில வைச்சிட்டே ஓடுவியள்?"

தலைவர் தலையைச் சொறிந்தார். பிறகு எழுந்து, "பெட்டியைக் கொண்டு வாங்கோ, இப்பவே ஏத்திப் பார்ப்பம்," என்றார். இரண்டு பலகை சாய்த்து வெறும் கதிரையை உருட்டினார்கள். முதல்தரம் பலகை சறுக்கியது. அடுத்த தரம் கதிரை ஏறியது. பிறகு கைகளை ஊன்றி மலர் ஏறினாள். மேலே இருந்துகொண்டு கச்சானைக் கேட்டாள். காது கேளாத செல்விக்கு ஒலிபெருக்கி அறிவித்தல் உதவாது, அவள் வீட்டுக்கு ஆள் நேரே போகவேண்டும் என்றும் அங்கிருந்தபடியே சொல்லி முடித்தாள்.

பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பினேன். என் வவுனியா வீட்டில் மழை என்றால் யன்னலைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணி போடுவதுதான் வேலை. கார்த்திகையில் ஒருநாள் விடியவிடிய மழை. தேத்தண்ணி இறங்கவில்லை. மலருக்குப் போன் எடுத்தேன்.

"கதிரை ஏறிட்டுதடி, இனி நான்தான்," என்றாள். பின்னால் உழவு இயந்திரச் சத்தம்.

"தண்ணி குடிச்சனியோ?"

"வயிறு முட்டக் குடிச்சிட்டன். போனை வை, மினக்கெடுத்தாதை."