சாதிக்காய் என்றொரு ஹார்ட் டிஸ்க்

"இது யாரு?"

ஹார்ட் டிஸ்க் ஒன்றை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு றுஸைனா கேட்கிறாள். எதிரே நிற்பவர் தம்புள்ளையில் லொறிக்கணக்கில் மரக்கறி வாங்கி விற்கிற மொத்த வியாபாரி. சந்தையே அவர் குரலுக்கு அடங்கும். இங்கே அவர் குரல்தான் அடங்குகிறது.

"என்ட டிஸ்க்தான், தாத்தா." அந்த ஊர் முஸ்லிம்கள் வாயில் தாத்தா என்றால் அக்கா.

"யாருடையதுண்டு கேக்கல்ல. பேர செல்லுங்க."

"கறுவா."

"வாய்க்குள்ள வச்சி மெல்லாம செல்லுங்க."

"கறுவா!"

அதற்குப் பிறகுதான் பிஸ்மில்லாஹ் சொல்லி எண்டரைத் தட்டுகிறாள். வியாபாரியின் பழைய குப்பைகள் அழிந்து, டிஸ்க் இரண்டு சுத்தமான பகுதிகளாகப் பிரிகிறது.

மாத்தளை நகரில் கணவர் பதுர்தீனின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது றுஸைனாவின் கணினி திருத்தும் அறை. கீழே மிளகு, மேலே மின்சாரம். படியேறி வருகிறவர்கள் இரண்டு தும்மல் தும்மிவிட்டுத்தான் தங்கள் குறையைச் சொல்லத் தொடங்குகிறார்கள். வருகிற டிஸ்க்குகளுக்கு அவள் கீழ்க்கடைச் சரக்குகளின் பெயர்களை வைக்கிறாள். ஒட்டுத்தாளில் எழுதி முதுகில் ஒட்டுவாள். வேலை முடிந்ததும் அதே பெயரைக் கட்டளை வரியில் அடித்து டிஸ்க்கின் உள்ளேயும் பதித்துவிடுவாள். கணினி தானாக வைக்கிற எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களில் அவளுக்கு நம்பிக்கையில்லை. இன்று எஸ்டிபியாக இருப்பது நாளை வயரை மாற்றிச் செருகினால் எஸ்டிசி ஆகிவிடும். அப்படி நிறம் மாறுகிறவர்களை நம்பியா ஒன்றை அழிப்பது?

ஆகவே உரியவர் தன் வாயால் பெயர் சொல்லாமல் எதையும் அழிக்கமாட்டாள். "நிக்காஹுக்கு முந்தி பொண்ணுட்ட சம்மதம் கேக்குறாங்க இல்லயா? அழிக்க முந்தி டிஸ்க்குக்காரர்ட்ட கேக்க வாணாமா?" மவுஸைத் தொடுவதும் கிடையாது. "மவுஸால டிஸ்க் பிரிக்கிறது, கண்ணக் கட்டிட்டு கோழி அறுக்குற மாதிரி."

இவ்வளவு ஒழுங்கானவளின் சமையலறையில் ஒரு டப்பாவுக்கும் பெயரில்லை என்பதை பதுர்தீன் மட்டுமே அறிவார். உப்புப் போட்ட தேநீரை மறுவார்த்தை பேசாமல் குடித்துப் பழகியவர் அவர். ஸ்கூட்டர் சாவியை அரிசிப் பானைக்குள் தேடுகிற குடும்பம் அது. கேட்டால், "வீட்டுச் சாமான் எங்க ஓடப்போகுது?" என்பாள்.

போன வாரம் பவித்ரன் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து, பக்கத்து ரிவர்ஸ்டன் மலையின் பனிமூட்டத்தில் மயங்கி, இடமாற்றமே கேட்காமல் தங்கிவிட்டவர். மூக்கில் குட்டிக் கொம்பு முளைத்த ஒருவகைப் பல்லியைப் படமெடுப்பதற்காகப் பன்னிரண்டு வருடங்களாக விடுமுறைகளை மலையில் அட்டைக்கடியோடு கழித்திருக்கிறார். அத்தனை படமும் ஒரே டிஸ்க்கில். வேறு பிரதி இல்லை. மறுநாள் அவருடைய முதல் புகைப்படக் கண்காட்சி. மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பிதழ் கொடுத்தாயிற்று, படம்தான் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். புதுக் கணினி வாங்கி டிஸ்க்கைச் செருகினார். அதை அடையாளம் தெரியாத கணினி, புதிதாகத் தயார்செய்து தரவா என்று பணிவாகக் கேட்டது. ஆயுள் முழுக்கக் கோப்புகளில் 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிப் பழகிய விரல், வாசித்து முடிக்கும் முன்பே சம்மதித்துவிட்டது. பகுதிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற குறிப்பு அழிந்தது. வேறொரு ஊரில் ஒரு கடைக்காரர் தேடிப் பார்த்துவிட்டு, டிஸ்க் வெறுமை என்று கையை விரித்துவிட்டார்.

"வெறுமையெண்டு சொல்லிப்போட்டார், மிஸ். இனி ஒண்டும் ஏலாதாம்."

றுஸைனா டிஸ்க்குக்குச் சாதிக்காய் என்று பெயர் ஒட்டினாள். பிறகு அதைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் தயாரித்த வருடத்தை வாசித்தாள்.

"அவர் எந்த எடத்துல தேடினாரு?"

"இரண்டாயிரத்து நாப்பத்தெட்டாவது கட்டம் எண்டு ஏதோ சொன்னவர்."

"இப்பத்தய டிஸ்க் எல்லாம் அங்கதான் தொடங்கும். இந்தச் சாதிக்காய் அந்தக் காலத்து ஆள், சேர். அப்ப எல்லாம் அறுவத்தி மூணாவது கட்டத்துல தொடங்குவாங்க. காணி அப்பிடியே ஈக்குது. வேலிதான் போயிட்டுது."

கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. பவித்ரன் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். பதுர்தீன் தேநீரோடு மேலே வந்தார். பகுதி தொடங்குமிடத்துக்கு றுஸைனா 63 என்று அடித்தாள். கணினி ஒரு கணம் யோசித்து, இங்கே ஏற்கெனவே ஒரு கோப்பமைப்பின் அடையாளம் இருக்கிறது, அதை அகற்றிவிடவா என்று கேட்டது.

"ஐயோ மிஸ், வேண்டாம்! நிப்பாட்டுங்கோ!"

"அல்ஹம்துலில்லாஹ்!" றுஸைனா எழுந்து நின்று கைதட்டினாள்.

"அழிக்கவாண்டு கேக்குது, இவ கைதட்டுறா," என்றார் பதுர்தீன், பவித்ரனிடம் மன்னிப்புக் கேட்கிற தொனியில்.

"வெறும் வளவுல நிண்டு வீட்ட ஒடைக்கவாண்டு யாராச்சும் கேப்பாங்களா? வீடு ஈக்கப் போய்த்தானே கேக்குது!"

பவித்ரனுக்கு அது மெல்லத்தான் உறைத்தது. உறைத்ததும் முகம் மலர்ந்தது. றுஸைனா விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே பதில் செல்லுங்க. முதல்ல, இது யாரு?"

"சாதிக்காய்."

"கேக்கல்ல, சேர்."

"சாதிக்காய்!"

"எனக்கும் நூறு கிராம்!" என்று கீழே யாரோ கத்தினார்கள்.

பவித்ரன் கேள்வியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு தன் உத்தியோக வாழ்வில் அபூர்வமாக, 'இல்லை' என்று பதில் கொடுத்தார். றுஸைனா மிச்சக் கட்டளைகளை அடித்தாள். திரையில் கோப்புறைகள் வந்து நின்றன, வருடம் வருடமாக, பன்னிரண்டும்.

பவித்ரன் சத்தமாகச் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், பதுர்தீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியதில் தேநீர் பாதி மேசையில். "திறவுங்கோ மிஸ், ஒண்டைத் திறவுங்கோ!"

திறந்தாள். திரை முழுக்க வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. மூன்றாவதில் வெள்ளைக்குள்ளே கொஞ்சம் பச்சை.

பதுர்தீன் குனிந்து பார்த்தார். "இதுக்கா சேர் இவ்வளவு பாடு? வெறும் பொகை."

"பல்லி இருக்குது. வடிவாப் பாருங்கோ."

நூறு கிராம் கேட்டவரும் மேலே வந்துவிட்டார். அவரும் பார்த்தார். பல்லி அவர் கண்ணுக்கும் படவில்லை. பவித்ரன் காட்டுவதற்காகக் கையை நீட்டினார்.

"எங்கண்டு செல்லாதீங்க," என்றாள் றுஸைனா. திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை, பிறகு அடுத்த வரி, பிறகு அதற்கடுத்தது என்று அந்தப் பனியை வாசித்துக்கொண்டே கீழே இறங்கினாள். அடிமூலைக்குச் சற்று மேலே, பாசி படிந்த ஒரு குச்சியில் நின்றாள்; அங்கே மூக்கின் நுனியில் கடுகளவு கொம்பு. அதன்மேல் சுட்டுவிரலை வைத்தாள். எல்லோரும் பார்த்து முடியும்வரை, பல்லி ஓடிவிடுமோ என்பதுபோல, விரலை எடுக்கவில்லை.