பதினேழாம் அச்சு

நின்றுகொண்டே துடுப்புப் போடும் பந்தயப் பலகைகளைச் செய்வது அவள் தொழில். பலகை ஓட்டுகிறவர்களுக்கு அவள் அரை இஞ்ச் அக்கா. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "இன்னும் அரை இஞ்ச் குறைக்கலாம்" என்பதுதான் அவள் வாயில் முதலில் வரும். கல்யாணப் பேச்சோடு ஒருமுறை வீட்டுக்கு வந்தவரையே அவள் அப்படித்தான் ஏற இறங்கப் பார்த்தாள் என்று தம்பி கிண்டல் செய்வான். வந்தவர் திரும்பி வரவில்லை. அவளும் அதற்காகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கவில்லை.

இருபத்திரண்டு வயதில் படகுப் பட்டறை ஒன்றில் ரெசின் பசை பூசுகிற வேலையில் இருந்தாள். பதினேழு வயதுத் தம்பி ஒருநாள் மூக்கு உடைந்த பலகை ஒன்றை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தான். அதை ஒட்டிக் கொடுத்தாள். ஒட்டின கையோடு விடாமல், அடிப்பாகத்தைக் கொஞ்சம் இழைத்தும் கொடுத்தாள். அந்தப் பலகையில் போய் அவன் ஜெயித்துவிட்டு வந்தான். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். இருபத்துநாலு வருஷம் ஆகியும் விடவில்லை. அவன் ஜெயித்த ஒவ்வொரு பந்தயமும் அவள் இழைத்த பலகையின் மேல்தான்.

பலகையின் வயிற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்த ஆள் கிடையாது. கூர்மூக்கும் உருண்ட வயிறும் உள்ள பலகை தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும். அசையாத தண்ணீரில் அதை யாரும் பிடிக்க முடியாது, ஆனால் பக்கத்திலிருந்து ஓர் அலை வந்தால் போதும், உருண்டு கொடுக்கும். தட்டை வயிறு தண்ணீரின் மேல் வழுக்கிப் போகும். அலை பின்னாலிருந்து தள்ளினால் பறக்கும், எதிர்காற்று வந்தால் சண்டித்தனம் செய்யும். அகலம் கூடினால் நிற்பது சுலபம், போவது கஷ்டம். குறைந்தால் வேகம் வரும், ஆளை நிற்க விடாது. இந்த நாலையும் சமாதானம் செய்து வைக்க ஆறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் மூக்கு கூர், நடு உருண்டை, வால் தட்டை, அகலம் இருபத்திரண்டரை இஞ்ச் என்று ஒன்று அமைந்தது. அதற்காக அவள் அறுத்து வைத்த பிளைவுட் அச்சு பதினேழாவது. அதனால் பலகைக்கும் பதினேழு என்றே பேர் வந்தது. மூன்று வருஷம் தம்பி அதில் நின்று யாரையும் கிட்ட நெருங்க விடவில்லை. மற்றவர்களும் பதினேழுதான் வேண்டும் என்று வரிசை கட்டினார்கள்.

அவளுக்கு மூக்கின் மேல் கோபம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். பலகை மேல் நிற்கிறவர் சொல்வதுதான் தீர்ப்பு, செய்தவள் வாதாடக் கூடாது. இது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். அவளைக் கவிழ்த்ததும் இந்தச் சட்டம்தான்.

போன வருஷப் பெரிய பந்தயத்தில் மிதவையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் தம்பி விழுந்தான். அங்கே ஓட்டுகிறவர் பின்னால் நாலடி நடந்து வாலை அமுக்க வேண்டும். மூக்கு மேலே எழும்பும், பலகை ஒரு சுற்றில் திரும்பிவிடும். கண் எதிரே பார்த்துக்கொண்டிருக்க, கால்தான் விளிம்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆயிரம் தடவை செய்த வேலை. அடுத்த மிதவையிலும் விழுந்தான். கடைசி ஆளாகக் கரை ஏறியவன், அத்தனை பேர் முன்னாலும் துடுப்பைக் கீழே போட்டான்.

"நான் விழல. பலகை தள்ளிவிடுது. வால் சரியில்ல."

 அவள் நேராகத் தன் பட்டறைக்குப் போனாள். பதினேழாம் அச்சை மேஜையில் கிடத்தி ரம்பத்தால் குறுக்கே இரண்டாக அறுத்தாள். அவசரக்குடுக்கை என்று திட்டலாம்தான். தம்பியைத் தண்ணீரில் தள்ளிய பலகை இன்னொருவர் காலடியில் போகக் கூடாது என்பதைத் தவிர அப்போது அவள் மனதில் வேறு எதுவும் இல்லை.

அடுத்த எட்டு மாதத்தில் அவனுக்காக மூன்று பலகை செய்தாள். முதலாவதில் வாலை ஓர் இஞ்ச் அகட்டினாள், விழுந்தான். இரண்டாவதில் வயிற்றை முழுக்கத் தட்டையாக்கினாள். அதிலும் விழுந்தான், வேகமும் போயிற்று. மூன்றாவதில் நிற்கிற இடத்தையே தொட்டி மாதிரி உள்ளே இறக்கினாள், கால் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டே இருந்தால் ஆட்டம் குறையும் என்று. இதற்குள் செய்தி பரவிவிட்டது. சிலர் பதினேழைத் திருப்பிக் கொண்டுவந்து வாலை மாற்றித் தரச் சொன்னார்கள். சிலர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு பட்டறைக்குப் போனார்கள். வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது அவளுக்கு வலித்தது. இருபத்துநாலு வருஷம் கட்டிய பேர் ஒரே வார்த்தையில் சரிந்துகொண்டிருந்தது, சொன்னதும் வேற்று ஆள் இல்லை.

ஒரு மதியம் தம்பி மூன்றாவது பலகையையும் கொண்டுவந்து இறக்கினான். "இதுவும் சரிப்படலக்கா." அவன் போனதும், வழக்கம்போல் அதைக் கவிழ்த்துப் போட்டு வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். எட்டு மாதமாக அவள் அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்பக்கம் பார்க்கத் தோன்றவே இல்லை. தொட்டியை இன்னும் அரை இஞ்ச் இறக்கிப் பார்க்கலாம் என்று நிமிர்த்தி, கால் வைக்கிற ரப்பர் விரிப்பைப் பிடித்து உரித்தாள்.

உள்ளே ஒரு ஸ்க்ரூ. விரிப்பு ஒட்டுகிற நாளில் அவள் மேஜையிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும். இடது கால் வைக்கிற இடத்தில் முனை மேலே பார்த்து விரிப்பைத் துளைத்துக்கொண்டு நின்றது. துளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ரத்தம் காய்ந்திருந்தது. இரண்டு வாரம் அவன் இதன் மேல் நின்று துடுப்புப் போட்டிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் முதல் நிமிஷத்தில் ஐயோ என்று அலறியிருப்பார்கள்.

 பட்டறையைப் பூட்டக்கூட இல்லை, தம்பி வீட்டுக்கு ஓடினாள். அவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

"சாக்ஸக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுடா!"

இடது பாதத்தில் காயம் வாய் பிளந்து, ஓரம் கருத்திருந்தது. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் அவன் அதைக் குனிந்து பார்த்தான்.

"எத்தன நாளா உணர்ச்சி இல்ல?"

"போன பந்தயத்துக்கு முன்னாடியே. முதல்ல விரல் மட்டும்தான். இப்ப கணுக்கால் வரைக்கும் மரத்துப் போச்சு. சர்க்கரை."

"தெரிஞ்சேவா பலகை தள்ளிவிடுதுன்னு சொன்ன?"

"ஆமாக்கா."

"மூணு பலகை செஞ்சேண்டா. பதினேழ அறுத்துப் போட்டேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவன் நிமிரவில்லை. "ஒவ்வொரு தடவையும் 'அடுத்தது சரியா வரும் பாரு'ன்னு சொன்ன. கேக்க நல்லா இருந்துச்சு. பலகையில தப்புன்னா நீ திருத்திடுவ. கால்ல தப்புன்னா நீ என்ன பண்ணுவ?"

அவளுக்கு அவனைப் பளாரென்று அறைய வேண்டும்போல் இருந்தது. அடிக்கிற வயதை இருவரும் தாண்டியிருந்தார்கள். "உன் காலக் குத்தின ஸ்க்ரூ என்னோடது" என்று மட்டும் சொன்னாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

காயம் ஆறிவிடும், காலையும் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். போன உணர்ச்சி வராது. இனி வெறுங்காலோடு எங்கும் நிற்கக் கூடாது, தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்றார். வீடு திரும்பும் வழியில், என் பேரை நிமிர்த்திக் கொடு என்று கேட்க அவளுக்கு நாக்கின் நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருப்பவனிடம் அதை எப்படிக் கேட்பது?

இந்த வருஷப் பந்தயத்தன்று காலை, ஓட்டுகிறவர்களைக் கரையில் கூட்டிவைத்து நடுவர் விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கடைசியில் ஒதுங்கி நின்றாள். தம்பி வந்தான், காலில் மூடிய ஷூ. பலகைக்காரர்கள் நடுவில் ஷூ போட்டுக்கொண்டு யாரும் நிற்பதில்லை. பார்த்தவர்கள் பக்கத்திலிருந்தவர்களை இடித்துக் காட்டினார்கள். நடுவரிடம் கேட்டுக்கொண்டு முன்னால் போனான்.

"போன வருஷம் இங்க நின்னு பலகை தள்ளிவிடுதுன்னு சொன்னேன். பொய். என் கால் செத்துப்போச்சு, விளிம்பு தெரியல. பதினேழுல ஒரு குறையும் இல்ல. அதவிட நல்ல பலகையில நான் நின்னதில்ல." குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். "இனிமே நிக்கப் போறதும் இல்ல."

 வேறு பட்டறைக்குப் போய்விட்ட ஒருத்தி தயங்கித் தயங்கி அவளிடம் வந்தாள். "அக்கா, பதினேழு மறுபடியும் செய்வீங்களா?" அவள் செய்வதாகத் தலையாட்டினாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

விசில் ஊதினார்கள். பலகைகள் எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பின. தம்பி அவள் பக்கத்தில் வந்து நின்றான். இருபத்துநாலு வருஷத்தில் பந்தயம் நடக்கும்போது அவன் கரையில் நின்றது அதுதான் முதல் தடவை. அவள் பேர் அவளிடம் திரும்பி வந்துவிட்டது. ஒரு வருஷமாக அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான். இந்தப் பொய்யையே இன்னும் பத்து வருஷம் சொல்லிக்கொண்டு இவன் அந்தத் தண்ணீரில் நின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.