ஆரோக்கிய மேரி அடித்த மைனஸ் குறிகள்

தவறு செய்தவன் நான். பழியைச் சுமந்தவள் ஆரோக்கிய மேரி.

இந்த இரண்டு வரிகளை எழுத எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. எழுதிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன்... ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

என்னை நீங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் திருச்சி தென்னூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. அதனால் என் சொல்லுக்குத் தகுதிக்கு மீறிய மதிப்பு இருந்தது. அந்த மதிப்பை வைத்துத்தான் நான் ஒரு பெண்ணை அழித்தேன்.

எங்கள் சென்டருக்கு இரண்டு தெரு தள்ளி இரத்ததானம் செய்பவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் சவரிமுத்து அதை நடத்திவந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டோடு யாராவது ஓடிவந்தால், மரப்பெட்டியில் அடுக்கியிருக்கும் அட்டைகளைப் புரட்டி, அந்த வகை இரத்தம் உள்ளவரைத் தேடி ஆளனுப்புவார். அட்டைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. தேடவே அரைமணி நேரம் ஆனது. அவருடைய பழைய மாணவர் ஒருவர் கம்ப்யூட்டர் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். புரோகிராம் எழுதித் தர நான் ஒப்புக்கொண்டேன்.

அட்டைகளில் உள்ளதை ஏற்றுவதற்கு ஒருவர் வேண்டும் அல்லவா? அப்படி வந்தவள்தான் ஆரோக்கிய மேரி. காட்டூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தாள். வயது இருபத்தாறு இருக்கும். அதிகம் பேசமாட்டாள். ஒவ்வோர் அட்டையையும் அடித்து முடித்ததும் திரையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்து, உதட்டுக்குள் ஒருமுறை படித்து, அதன் பிறகே அடுத்ததை எடுப்பாள். எட்டு வாரம் அப்படியே செய்தாள்.

இங்கே ஒரு சிறு விவரத்தைச் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்... எல்லாம் இதில்தான் இருக்கிறது.

இரத்த வகைக்கு நான் இரண்டு கட்டங்கள் வைத்திருந்தேன். ஒன்றில் எழுத்து, அடுத்ததில் குறி. பெரும்பாலானவர்கள் பாசிட்டிவ் என்பதால், அவர்களுக்குக் குறி எதுவும் அடிக்க வேண்டாம், காலியாகவே விடலாம் என்று சொல்லியிருந்தேன். நெகட்டிவ் உள்ள சிலருக்கு மட்டும் மைனஸ் குறி. காலி என்றால் பாசிட்டிவ் என்று என் புரோகிராம் எடுத்துக்கொள்ளும். வேலை மிச்சம் என்று அப்போது பெருமைப்பட்டேன்.

தொடக்க விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், நாங்கள் பயன்படுத்திவந்த டேட்டாபேஸின் புதிய வெர்ஷன் மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்தது. பழையதைவிடப் பல மடங்கு வேகம். விழாவில் எல்லோர் முன்னிலையிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பெயர் வந்து நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பழையதிலேயே விழாவை நடத்திவிட்டு, ஆற அமர மாற்றியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? கைதட்டலுக்காக!

மாற்றும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தது. மாணவர்களுக்கு நானே அதைப் பாடமாக நடத்தியவன். முதலில் பிரதி எடு. பிரதியில் மாற்றிப் பார். மாற்றிய பிறகு எண்ணிக்கையை மட்டும் நம்பாதே. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் அச்செடுத்து வரிவரியாக ஒப்பிடு. சில நாட்கள் இரண்டையும் சேர்த்தே ஓட்டு.

சனிக்கிழமை மதியம் நான் செய்தது என்ன? ஃபிளாப்பியில் ஒரு பிரதி எடுத்தேன். புதியதற்கு மாற்றினேன். எண்ணிக்கையைப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. எழுந்துவிட்டேன்.

மணி மூன்றரை. நாலரை மணிக்கு ஸ்ரீரங்கத்தில் எனக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. பக்கத்து வீதிதான். ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஆரோக்கிய மேரி என் முன்னால் அட்டைகள் இருந்த பெட்டியோடு நின்றாள்.

"சார், ஒரு ஐம்பது அட்டை எடுத்து ஒத்துப் பாத்துடட்டுங்களா?"

"எண்ணிக்கை சரியா இருக்கு மேரி. நீங்க கிளம்புங்க."

அவள் கிளம்பவில்லை. "அடிச்சதெல்லாம் அப்படியே வந்திருக்கான்னு ஒருவாட்டி பாத்துட்டா நல்லதுங்க சார்."

அறையைப் பூட்ட வேண்டும் என்று சொல்லி விளக்கை அணைத்தேன். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலை நான் பார்த்த பெண்தான் என் மனைவி. இன்றுவரை அவளுக்கும் இது தெரியாது.

விழா நன்றாக நடந்தது. கைதட்டினார்கள். பேராசிரியர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, உறவினர் ஒருவரின் கிடங்குக்கு அனுப்பிவிட்டார். இனி எதற்கு அட்டை?

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. வந்த சீட்டுகள் எல்லாம் பாசிட்டிவ் வகைகள். தேடியதும் பெயர்கள் வந்தன. புதிதாக யாரையும் சேர்க்கவும் இல்லை.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. காலை பதினொரு மணி. பிரிண்டரில் ரிப்பன் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டிருந்தார்கள், நான் அங்கே இருந்தேன். லால்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் சீட்டோடு வந்தார். மனைவிக்கு இரண்டாவது பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது. இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும்.

ஆரோக்கிய மேரி தட்டினாள். திரையில், ஒருவரும் இல்லை என்று வந்தது. மறுபடியும் தட்டினாள். அதே பதில். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓ நெகட்டிவ் அடிச்ச ஞாபகம் இருக்குங்க சார். பேருதான் வரமாட்டேங்குது."

நான் உட்கார்ந்து தட்டினேன். இல்லை. அந்தக் கணத்தில் எனக்கு ஓர் உறுத்தல் ஏற்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில் ஒருவர்கூடவா இருக்கமாட்டார்? கேட்டிருக்கலாம். மற்ற நெகட்டிவ் வகைகளைத் தட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் புரிந்திருக்கும். பழைய ஃபிளாப்பி இரண்டு தெரு தள்ளி, சென்டரில் என் மேசை இழுப்பறையில் இருந்தது...

"ஞாபகத்தை நம்பாதீங்க மேரி. மிஷின் இல்லைங்குது" என்றேன்.

வாசலில் நின்றிருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "ஒருத்தர்கூடவா இல்லைங்க?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

பேராசிரியர் தஞ்சாவூருக்குப் போன் செய்தார். அங்கே ஒருவர் கிடைத்து, அவர் கார் பிடித்து வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. அந்தப் பெண் இரண்டரைக்கே இறந்துவிட்டாள். நேரத்தில் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா? டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லையாம். பல வருடங்கள் நான் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன்.

நான்கு நாள் கழித்து, பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்த காதர் பாய் சங்கத்துக்கு வந்தார். சாந்தமான மனிதர். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"நான் ஓ நெகட்டிவ்தானே சார். ரெண்டு தடவ குடுத்திருக்கேனே. கூப்பிட்டிருந்தா பத்து நிமிஷத்துல வந்திருப்பேனே."

அவர் பெயரைத் தேடினார்கள். இருந்தது. ஓ பாசிட்டிவ் என்று இருந்தது. கிடங்கிலிருந்து அவருடைய அட்டையை வரவழைத்தார்கள். அதில் நெகட்டிவ் என்று தெளிவாக எழுதியிருந்தது. பிறகு வேறு சில அட்டைகளைப் பார்த்தார்கள். நெகட்டிவ் உள்ளவர்கள் அத்தனை பேரும் மிஷினில் பாசிட்டிவ் ஆகியிருந்தார்கள்.

எனக்கு ஆளனுப்பினார்கள். போவதற்கு முன்னால் நான் பழைய ஃபிளாப்பியை எடுத்துப் பார்த்தேன்.

மைனஸ் குறிகள் இருந்தன. எல்லாம் இருந்தன. காதர் பாய்க்கு இருந்தது. வரிசையாக, ஒன்றுகூட விடாமல், அவள் அடித்திருந்தாள்.

மாற்றும்போது குறிக்கான கட்டத்தை எண்களுக்கான கட்டம் என்று நான் அறிவித்துவிட்டேன். கை தவறிய ஒரே ஒரு எழுத்து. எண் இல்லாத வெறும் மைனஸ் குறியைப் புதிய வெர்ஷன் ஏற்கவில்லை, காலியாக்கிவிட்டது. காலி என்றால் பாசிட்டிவ். அதுவும் நான் எழுதிய விதிதான்.

புரிகிறதா உங்களுக்கு? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, டைப் அடித்தவள் மைனஸ் போட மறந்துவிட்டாள் என்றுதான் தோன்றும். நான் பொய் ஜோடிக்க வேண்டிய அவசியமே இல்லை. பேசாமல் இருந்தால் போதும்.

சங்கத்து அறையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் சுவரோரமாக நின்றாள். பேராசிரியர் என்னைப் பார்த்து, மிஷினில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று கேட்டார். அவர் அவளைக் காப்பாற்ற ஒரு வழி தேடினார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. எனக்கு அப்போது கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஷினை நம்பி ஓர் உயிர் போனது என் கையால்தான் என்று ஊர் அறிந்தால்...

"உள்ள என்ன போட்டாங்களோ, அதுதான் சார் வெளியில வரும்" என்றேன்.

ஆரோக்கிய மேரிதான் முதலில் பேசினாள். அழவில்லை. "நான் பி நெகட்டிவ் சார். என் அட்டையையும் நான்தான் அடிச்சேன். என் பேருக்கே மைனஸ் போடாம விடுவேனா?"

அவள் பெயரைத் தேடினார்கள். பி பாசிட்டிவ் என்று வந்தது.

யாரோ ஒருவர், சொந்தப் பெயரிலேயே இவ்வளவு அஜாக்கிரதை என்றால் மற்றவர்கள் கதி என்ன என்று முணுமுணுத்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமை அவள் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டதை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ! நான் சொல்லவில்லை. ஏனோ அவளும் சொல்லவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். செய்தி காட்டூர் வரை போயிற்று. அவளுக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தம் நின்றுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட அன்று நான் சாப்பிட்டேனா, என்ன உடுத்தியிருந்தேன்... எதுவும் நினைவில்லை. எந்த உணர்ச்சியும் இல்லாமல் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பழுதைச் சரிசெய்தவனும் நானே. பழைய ஃபிளாப்பியிலிருந்து ஒருமுறை ஒழுங்காக மாற்றினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் அடித்த குறிகள் அத்தனையும் வந்து உட்கார்ந்தன. பேராசிரியரிடம், அட்டைகளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன், ஒரு வாரம் ஆயிற்று என்றேன். கண் வலிக்கும் அளவுக்கு உழைத்ததற்காக எனக்கு நன்றி சொன்னார். அந்த ஃபிளாப்பியை அழித்து, மாணவர் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் அவள் பார்த்துவிட்டாள். இளைத்திருந்தாள். ஒரு பள்ளி விடுதியில் சமையலுக்குக் காய்கறி நறுக்கித் தரும் வேலையில் இருந்தாள். டைப் அடிப்பதை விட்டுவிட்டாளாம். நான் கேட்காமலேயே சொன்னாள்.

"கீபோர்டுல கை வச்சாலே நடுங்குதுங்க சார்."

நான் ஏதோ சொன்னேன். வெயிலைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்ப உங்கமேல கோபமா இருந்துச்சு. நான் அடிச்சேன் அடிச்சேன்னே சொல்லிட்டிருந்தேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். என் பேருலயே இல்லையே. நான்தான் விட்டுட்டேன் போல. அந்தப் பொண்ணு செத்த நாள்ல வருஷா வருஷம் மாதா கோயில்ல பூசை வைக்கிறேன் சார். மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

என் வாய்க்குள் அந்த வாக்கியம் இருந்தது. நீங்கள் அடித்தீர்கள், ஒன்றுகூட விடவில்லை, நான் என் கண்ணால் பார்த்தேன்... பத்துச் சொல்கூட இல்லை. அவள் பஸ் வந்தது. போயிட்டு வரேங்க சார் என்றாள். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

நான் கையை மட்டும் அசைத்தேன்.

அவள் இன்னும் காட்டூர்ப் பக்கம்தான் இருக்கிறாள் என்று போன மாதம் ஒருவர் சொன்னார். இங்கிருந்து ஒரே பஸ். நான் இன்னும் போகவில்லை. இந்த ஆண்டும் அந்த நாள் வந்தது. இந்த ஆண்டும் அவள் பூசை வைத்திருப்பாள்.