மஞ்சள் கிழிசல் கட்டிய மூட்டை

கச்சிராயபாளையம் சந்தையில் கருவாடு விற்கும் பூமாலை அக்காவுக்கு வாய் நீளம். பேரம் பேசிவிட்டு வாங்காமல் நழுவுகிறவர்களை அந்த வாய் பஸ் ஸ்டாண்டு வரை துரத்தும். பக்கத்தில் தக்காளிக் கடை போடுகிற நானே பல நாள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

காணி நிலம் இல்லாதவள். கரும்பு வெட்டி இடுப்பு போன பிறகு கருவாட்டுக்கு வந்தாள். இருபது வருடமாகக் கடலூர் துறைமுகத்து அமிர்தத்திடம்தான் சரக்கு எடுத்தாள். பஸ்ஸில் ஏற்றும் மூட்டைகளில் அக்காவுடையது தனியாகத் தெரிய வேண்டுமென்று, அமிர்தம் தன் பழைய மஞ்சள் புடவையைக் கிழித்து மூட்டை வாயைக் கட்டித் தருவாள். அந்தக் கிழிசல் எங்கள் சந்தைக்கே தெரியும். அமிர்தத்தின் மகன் கல்யாணத்துக்கு அக்கா ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய் இறக்கினாள். கூடப் பிறந்தவளுக்குக்கூட அப்படிச் செய்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அமிர்தம் அவளிடம் அழுதாள். "சுருக்குமடி வலை போட்டு கடலயே வழிச்சிக்கினு வரானுங்க பூமாலை. எல்லாம் விரல் நீளம்கூட இல்லாத மத்திக் குஞ்சு. முட்ட வுட ஒரு மீன் மிஞ்சாது. குஞ்சுக் கருவாடு நீங்க யாரும் வாங்காதீங்க. வாங்க ஆளில்லன்னா தானா நிறுத்துவானுங்க."

அக்கா அப்படியே நம்பினாள். சந்தையின் கருவாட்டுக்காரிகள் ஏழு பேரையும் மாரியம்மன் கோவிலுக்கு இழுத்துப்போய், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தாள். அதில் நாலு பேர் கடலைப் பார்த்ததே இல்லை. பார்க்காத கடலுக்காகக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிற ஜனங்கள் மலிவான குஞ்சுக் கருவாட்டைத்தான் கேட்பார்கள். இல்லையென்றதும் வேறு சந்தைக்குப் போய்விட்டார்கள். சத்தியம் செய்தவர்களில் ஒருத்தியான கொளஞ்சியம்மாள் கடையையே விட்டுவிட்டுக் களை எடுக்கப் போனாள்.

"கடல்ல மீனு பெருகட்டும்டி, திரும்ப வந்துடலாம்" என்று அக்காதான் அவளைத் தேற்றினாள்.

போன மாசியில் ஊருக்கு வெளியே கோழித் தீவனக் கிடங்கில் ஒரு லாரி சரக்கு இறக்கியது. களை எடுத்துவிட்டு வந்த கொளஞ்சியம்மாள்தான் முதலில் பார்த்தாள். மூட்டை வாயிலெல்லாம் மஞ்சள் கிழிசல். அவள் ஓடிவந்து அக்காவைக் கூட்டிப்போக, நானும் பின்னால் போனேன். அக்கா ஒரு முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே முழுக்க மத்திக் குஞ்சு.

அங்கேயே அமிர்தத்துக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில்.

"இன்னா அமிர்தம் இது?"

"எம்புள்ள தீவனத்துக்கு வாங்கி அனுப்பறான். நாலு வருசமாவுது" என்றாள்.

"அப்ப வாங்காதன்னு எங்கள கெஞ்சுனது?"

"நீங்கல்லாம் ஒதுங்கினாதான் அவனுக்கு வெல கம்மியா படியும்."

"அழுதியேடி?"

"கடல நெனச்சிதான் அழுதேன். அது பொய்யில்ல."

அந்தக் கடைசிப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்படி அழுது கண்ணைத் துடைத்த கையாலேயே குஞ்சையும் மூட்டை கட்டியிருக்கிறாள், பாவி!

அக்கா வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனை வைத்தாள். கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பி, "நம்ப வச்சி கழுத்த அறுத்துட்டாடி" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொளஞ்சியம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "அமிர்தம் யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா. நான் கற்பூரம் அணைச்சது உன்ன நம்பி."

அவிழ்த்த கிழிசல் அக்கா கையிலேயே இருந்தது.