பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மீன் ஆஸ்பத்திரி

ஜோகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் பேட்ரிசியா வீட்டுக் கார் போர்ச்சில் கார் நின்று ரொம்ப காலமாகிறது. நிற்க இடமிருந்தால்தானே. சுவரோரம் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், அவற்றுக்குள் கடல் மீன்கள். மணல் கிடையாது, பவளப்பாறை கிடையாது. மீன் ஒளிந்துகொள்ள பிளாஸ்டிக் குழாயை வெட்டிப் போட்டிருப்பாள், அவ்வளவுதான். அழகு பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அக்கம்பக்கத்தில் இதற்கு மீன் ஆஸ்பத்திரி என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர், ஆனாலும் பொருந்திப் போய்விட்டது.

அவள் பிறந்தது பாலோ பக்கம் ஒரு எஸ்டேட்டில். கல்யாணமாகி ஜோகூர் பாருவுக்கு வந்ததிலிருந்து சிங்கப்பூர் தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் பஸ் ஏறி, பாலத்து நெரிசலில் நின்று, இமிகிரேஷனில் ஓடி, இரவு அதே வழியில் திரும்பி வருவது. முதுகு போனது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். கடைசியில் வேலையை விட்டுவிட்டு, மதிவாணன் என்பவனின் அலங்கார மீன் கடையில் தொட்டி கழுவப் போனாள். கழுவப் போனவள் மீனுக்கு வைத்தியமும் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

கடலில் பிடித்துப் பையில் கட்டி விமானத்தில் வரும் மீன் நேராகக் கடைத் தொட்டிக்குள் போகக் கூடாது. ஒன்றுக்கு வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் போதும், மொத்தத் தொட்டியும் காலி. அதனால் மதிவாணன் புது மீன்களை முதலில் பேட்ரிசியாவிடம் விட்டுவிடுவான். அவள் தனியாக வைத்து, செம்பு மருந்து கலந்து, ஒட்டுண்ணி ஒழிந்தது என்று நிச்சயமான பிறகு திருப்பிக் கொடுப்பாள். செம்பு பொல்லாத மருந்து. குறைந்தால் பூச்சி சாகாது, கூடினால் மீன் செத்துப்போகும். நடுவில் இருக்கிற இடம் கொஞ்சம்தான்.

போன தடவை வந்த மீன்களில் பாதி போய்விட்டன. வரும்போதே அரை உயிராய் வந்தவைதான், இருந்தாலும் மதிவாணன் முகம் தொங்கிப்போயிற்று.

"இந்தத் தடவ பார்ப்போம்க்கா. சரியா வரலன்னா கடை மாடியிலயே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிறேன் லா," என்றான்.

சும்மா பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னான். ஆனால் அவன் கைவிட்டால் பேட்ரிசியாவுக்கு மறுபடி அந்த பஸ்தான். இந்த வயதில், இந்த முதுகோடு.

அடுத்து வந்தது ஒரு எம்பரர் ஏஞ்சல் மீன், கூடவே சில டாங் மீன்கள். எல்லாவற்றின் மேலும் ரவையைத் தூவினாற்போல் புள்ளி. ஏஞ்சல் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது, போட்ட இறாலைத் தின்றது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சோதனைக் குப்பியில் நிறம் பார்த்து, சரியான அளவில் நிறுத்தினாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பாலோவில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. போகாமல் இருந்தால் அண்ணி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

தொட்டிகளைத் தன் வீட்டுக்காரர் ஜெயபாலனிடம் ஒப்படைத்தாள். சிகாமட் ஊர்க்காரர், லாரி ஓட்டி ஓய்ந்தவர், வாய் அதிகம் பேசாதவர். சூடேறாமலிருக்கக் காற்றாடி ஓடுகிற தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் மருந்தும் தொட்டியிலேயே நின்றுவிடும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"பைப் தண்ணிய நேரா ஊத்திடாதீங்க, குளோரின் இருக்கும். ஒரு ராத்திரி திறந்து வச்ச தண்ணியா பாத்து ஊத்துங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது புள்ளிகள் உதிர்ந்திருந்தன. ஆனால் ஏஞ்சல் இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழாய்க்குள் புகுந்துகொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கியது. தண்ணீரைச் சோதித்தாள். செம்பு அதிகம். நாம்தான் கூட்டி ஊற்றிவிட்டோமோ என்று பயந்து, தண்ணீரைக் கொஞ்சம் மாற்றிவிட்டு, மருந்தை நிறுத்தினாள். நிறுத்தியும் அளவு மறுபடி ஏறியது. சோதனை மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று புதிதாக வாங்கி வந்து பார்த்தாள். அதுவும் அதையே காட்டியது. மருந்தே போடாத தொட்டியில் மருந்து எப்படி ஏறும்?

ஒரு காலையில் கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜெயபாலன் தொட்டியருகே நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கையில் செம்புக் குடம். செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்த நாளிலிருந்து அதில்தான் குடிக்கிறார். தினமும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, ராத்திரி தண்ணீர் நிரப்பி வைப்பார்.

"என்னங்க பண்றீங்க?"

"தண்ணி குறைஞ்சிருந்துச்சு. நீ ஊர்ல இருந்து வந்து அலுப்பா இருப்பன்னுதான் நானே தினமும் ஊத்திக்கிட்டு வர்றேன்."

"அந்தக் குடத்துல இருந்தா?"

"ஒரு ராத்திரி வச்ச தண்ணின்னு நீதானே சொன்ன? வீட்டுல ராத்திரி வச்ச தண்ணி இது ஒண்ணுதான்."

அலமாக் என்று தலையில் கை வைத்தாள். அந்த மனிதரைத் திட்டவும் முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். மீன்களை அவசர அவசரமாகச் சுத்தமான உப்புத் தண்ணீருக்கு மாற்றினாள். ஒரு டாங் போய்விட்டது. மற்றவை மெல்லத் தேறின. ஏஞ்சல் மறுபடி இறாலைக் கொத்தியது.

மதிவாணன் மீன்களை எடுத்துப்போக வந்தான். தொட்டியைக் குனிந்து பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"சூப்பர்க்கா. ஒரு புள்ளி இல்ல. இன்னிக்கே எடுத்துக்கிறேன்."

கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவன் சந்தோஷமாகப் போயிருப்பான். ஆனால் புள்ளி உதிர்ந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உதிர்ந்த பூச்சி அடியில் கிடந்து பெருகி மறுபடி ஏறும். மருந்து பாதியில் நின்ற மீன் அவன் கடைத் தொட்டிக்குள் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"இப்ப கொடுக்க முடியாது தம்பி. மருந்து முடியல. மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"ஏன்?"

ஜெயபாலன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். விஷயம் தெரிந்தால் அவரைப் பார்த்து ஊரே சிரிக்கும். பேட்ரிசியா தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அளவு தப்பிப் போச்சு. நான்தான் கூட ஊத்திட்டேன். அதுல ஒரு டாங் போயிருச்சு."

மதிவாணன் உதட்டைப் பிதுக்கினான்.

"சரிக்கா, யாருக்கும் ஆகறதுதானே. மறைக்காம சொன்னீங்க பாருங்க, அது போதும். முழுசா முடிச்சே குடுங்க. அடுத்த வாரம் இன்னொரு செட் வருது, அதையும் இங்கயே கொண்டாறேன்."

பேட்ரிசியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டான்.

"அவ இல்ல," என்றார் ஜெயபாலன். "நான்தான். செம்புக் குடத்துத் தண்ணிய தினமும் ஊத்தினேன். அப்ப அவளுக்கே அது தெரியாது."

மதிவாணன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. தொட்டிகளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு பேட்ரிசியாவைப் பார்த்தான்.

"அளவு தப்பினா திருத்திக்கலாம்க்கா. யார் யாரோ கை வைக்கிற தொட்டிய நம்பி நான் எப்படி மீன் விடறது? தப்பா நெனச்சிக்காதீங்க. இத முடிச்சுக் குடுத்துருங்க. அடுத்தது நான் மாடியிலயே பாத்துக்கிறேன்."

கார் போய்விட்டது. பேட்ரிசியா அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மதிவாணன்தான் சரின்னுட்டானே. அப்புறம் எதுக்கு வாயத் தொறந்தீங்க?"

"செய்யாத தப்ப நீ செஞ்சேன்னு சொல்ற. கேட்டுக்கிட்டு நிக்க முடியல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி வீட்டுக்குள் வந்ததால்தான் குடும்பம் இப்படி ஆனது என்று அவருடைய அக்கா கூடத்தில் உட்கார்ந்து எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். நடந்த தப்பு யாருடையதாக இருந்தாலும் பழி இவள் தலையில்தான். இந்த மனிதர் ஒவ்வொரு தரமும் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். இவள் பக்கம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வராதா என்று காத்துக் காத்து, எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

"பேச வேண்டிய நேரமெல்லாம் விட்டுட்டு, பேச இன்னிக்குத்தான் கெடச்சுதா உங்களுக்கு?" என்றாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மருந்தை முதலிலிருந்து ஏற்றத் தொடங்க வேண்டும். மீன்கள் குணமாகிப் போன பிறகு சிங்கப்பூர் தொழிற்சாலை பஸ்காரனுக்குப் போன் செய்ய வேண்டும்.