டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச்

எங்கள் அயனம்பாக்கம் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், மூன்றாம் மாடிப் பையன் காரை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு லிஃப்ட் ஏறிப் போய்விட்டான். வண்டி அணைந்துவிட்டது, உள்ளே ஆளில்லை. ஆனாலும் ரேடியேட்டர் ஃபேன் மட்டும் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. நான் காய்கறிப் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். வாட்ச்மேன் வந்து, "இன்னா சார், வண்டில எதுனா கோளாறா?" என்றார். கோளாறு ஒன்றுமில்லை, இப்போதைய வண்டிகள் இப்படித்தான், சூடு இறங்கும்வரை அதுவே சுற்றி அதுவே நின்றுகொள்ளும் என்றேன். அவர் போன பிறகும் நான் நகரவில்லை. ஃபேன் நின்ற பிறகுதான் லிஃப்டுக்குப் போனேன். இந்தப் பழக்கத்துக்காக வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். காரணம் என்னவென்று அவர்களிடம் நான் சொன்னதில்லை.

அந்த ஃபேன் தள்ளிவிடும் காற்றில் இப்போது லேசான இனிப்பு வாடை வருகிறது. பச்சை நிறத்தில் டப்பாவில் விற்கிறார்களே, அந்தக் கூலண்ட் வாடை. எங்கள் காலத்தில் அதெல்லாம் யார் கண்டது? அடிபம்புத் தண்ணீர்தான். கொதித்துப் பொங்கும்போது துருவும் சேறுமாக ஒரு நாற்றம் அடிக்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் போகாது.

எண்பதுகளின் கடைசியில் காட்டுப்பாக்கம் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் பாதி என்னுடையது, பாதி காஜா பாயுடையது. நான் கார் எலக்ட்ரீஷியன். பாய் பூந்தமல்லிக்காரர், ரேடியேட்டர் ஒழுகினால் ஈயம் வைத்து அடைப்பவர். அவர் பக்கத்திலிருந்து ஆசிட் புகை வரும், என் பக்கத்திலிருந்து கருகிய வயர் வாசனை போகும். பத்து வருஷம் அப்படியே ஒருவரை ஒருவர் இருமவைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தோம்.

பழைய பெரிய கார்களில் ஃபேன் பெல்ட்டில் ஓடும். எஞ்சின் ஓடினால் ஃபேனும் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. புதிதாக வந்த சின்னக் கார்களில் அது கரண்ட்டில் ஓடியது. தண்ணீர் நன்றாகச் சூடானால்தான், ரேடியேட்டரில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவு பித்தளைச் சென்சார் அதை ஓடவிடும். நம் டிரைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் ஓடுது, ஃபேன் சும்மா கீது அண்ணாத்தே" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வெயிலில், நெரிசலில், டேஷ்போர்டு முள் பாதியைத் தாண்டினாலே அவர்களுக்கு வியர்த்துவிடும்.

அவர்களுக்காக நான் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம், ஊரில் பலரும் செய்ததுதான். ஆனால் அப்போது எனக்கு இருபத்தாறு வயது, உலகத்தில் நான் ஒருவன்தான் செய்வதாக நினைப்பு. சென்சாருக்குப் போகும் வயரை வெட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே கொண்டுவந்து ஒரு சுவிட்சில் முடிப்பேன். முள் ஏறுவதற்கு முன்பே டிரைவர் தட்டிவிடலாம், எஞ்சின் ஜில்லென்று இருக்கும். கழற்றிய சென்சாரின் ஓட்டையைப் பாய் பித்தளை வைத்து அடைத்துவிடுவார். சுவிட்ச் வெளியே தெரியாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே ஒளித்துவைப்பேன். அந்த நாளில் ரகசிய சுவிட்ச் என்றால் வண்டிக்காரர்களுக்கு ஒரு பெருமை. கண்ணுக்குத் தெரியாமல் வைப்பதுதான் என் கைவண்ணம் என்று நானும் பீற்றிக்கொண்டேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, சேக்காட்டுப் பக்கம் குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. அவர் மனைவி பேச்சியம்மாள் அக்காவுக்கு இதயத்தில் வால்வு கோளாறு. பஸ்ஸில் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது என்பதற்காகவே இரண்டு பேர் ஓட்டி விற்ற ஒரு சின்னக் காரை வாங்கியிருந்தார். வாங்கிய இரண்டாம் மாதமே அது நடுவழியில் கொதித்து, அக்காவை ஒரு மணி நேரம் ரோட்டோர வெயிலில் உட்காரவைத்துவிட்டது.

"தம்பி, இனிமே ஒரு தடவகூட இது கொதிக்கப்பிடாது, பாத்துக்கிடுங்க. அவளுக்கு மூச்சு தாங்காது" என்றார்.

அக்கா பாயின் ஸ்டூலில் உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, கேள்வி மட்டும் ஓயாது. கழற்றிய சென்சாரைக் கையில் வாங்கி, "இதுவா சூட்டப் பாத்து ஃபேனப் போடுது? கெட்டிக்காரத்தனந்தான்" என்றார். அது மெதுவாகத்தான் போடும் அக்கா, நம் ஊர் வெயிலுக்கு லாயக்கில்லை என்றேன்.

அப்போது பாய் ஒன்று சொன்னார். "அதுவும் இருக்கட்டுமே நைனா. சுவிட்ச தனியா போடு. மறந்தா பழசு பாத்துக்கும்."

சொன்னது சரி. சென்சாரை அதன் இடத்திலேயே விட்டு, அதே வயரிலிருந்து சுவிட்சுக்கு இன்னொரு வயர் இழுத்திருந்தால் போதும். கால் மணி நேர வேலை. கை மறந்தாலும் கருவி மறக்காது. நான் சிரித்துவிட்டு, "ஒரு ஃபேனுக்கு ரெண்டு மொதலாளியா பாய்?" என்றேன். அந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது, அன்றைக்கு இன்னும் இரண்டு பேரிடம் சொன்னேன். சென்சார் என் திருகாணி டப்பாவுக்குள் போனது.

ஒரு வருஷம் வண்டி கொதிக்கவே இல்லை. அண்ணாச்சி வரும்போதெல்லாம் வாயாரப் புகழ்வார். முள்ளைப் பார்ப்பது தன் வேலை என்று அக்கா எடுத்துக்கொண்டாராம். "ஏறுது, சுவிட்சப் போடுங்கன்னு இவதான் சொல்லுவா. வண்டிய நான் ஓட்டுதேன், எஞ்சின அவ ஓட்டுதா" என்பார். அக்கா முன்சீட்டிலிருந்து சிரிப்பார்.

குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டுக்குப் போகிறவர்கள் வண்டிச் சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவசரத்துக்கு யார் வீட்டில் இருக்கிறாரோ அவர் ஓட்டுவார். அண்ணாச்சியின் எதிர் வீட்டில் ராமலிங்கம், அதே தொழிற்சாலையில் லாரி ஓட்டுபவர். சித்திரை மாதம் ஒரு மத்தியானம், அண்ணாச்சி வேலையில் இருந்தபோது, அக்காவுக்கு மூச்சு திணறியது. ராமலிங்கம் சாவியை எடுத்து, அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அம்பத்தூர்ப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது.

முதலில் ஒரு மின்சார ரயில். அது போயும் கேட் திறக்கவில்லை, எதிர்த்திசையில் கூட்ஸ். ராமலிங்கம் எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்துத் திரும்பக் கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நான்கு பக்கமும் லாரிகள், காற்றே இல்லை. ஃபேன் சுற்றவில்லை. சுற்றவைக்க ஒரு சுவிட்ச் தன் முழங்காலுக்கு மேலேயே இருப்பது அவருக்குத் தெரியாது.

பின்னால் அவரே கொட்டகைக்கு வந்து என்னிடம் சொன்னார். கேட்டபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "அக்கா கைய நீட்டி நீட்டி ஸ்டீயரிங்குக்குக் கீழ காட்டுனாங்க சார். பேச்சு வரல. காத்து வேணும்கிறாங்கன்னு நெனச்சுகினு என் பக்கத்துக் கண்ணாடிய எறக்கி உட்டேன். மறுபடியும் காட்டுனாங்க. தண்ணியான்னு கேட்டேன். தலைய ஆட்டுனாங்க, இல்லன்னு. அவங்க மூஞ்சியப் பாக்கிறதா, முள்ளப் பாக்கிறதா?"

கேட் திறந்தபோது பானெட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. எஞ்சின் நின்று போனது, திரும்ப எடுக்கவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு ஓரம் தள்ளி, ஆட்டோ பிடித்து அக்காவைத் தூக்கி மாற்றுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

பதினாறு கழிந்து அண்ணாச்சி வந்தார். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந் தப்புதான் தம்பி. சாவியக் கொடுத்தேன், சுவிட்சச் சொல்லாம விட்டுட்டேன். நீங்க நல்லதுதான் செஞ்சிய" என்றார். பாய் அந்தப் பக்கம் ஈயத்தை உருக்குகிற மாதிரி குனிந்திருந்தார், அடுப்பில் நெருப்பே இல்லை.

அவர் போன பிறகு டப்பாவைக் கவிழ்த்து அந்தச் சென்சாரைத் தேடி எடுத்தேன். ஒருவேளை அது கெட்டுப்போனதாக இருக்கலாம், விட்டுவைத்திருந்தாலும் வேலை செய்திருக்காது என்று மனம் அடித்துக்கொண்டது. பாயின் ஸ்டவ்வில் தண்ணீர் கொதிக்கவைத்தோம். சென்சாரின் முனையைத் தண்ணீரில் முக்கி, மேலே பேட்டரியும் ஒரு சின்ன பல்பும் இணைத்தேன். தண்ணீர் சுட்டது, பல்ப் எரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எரியாதே என்று வேண்டிக்கொண்டேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முன்பே பல்ப் எரிந்துவிட்டது. ஆற வைத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் எரிந்தது.

பாய் ஸ்டவ்வை அணைத்தார். "அவராண்ட சொல்லிடு நைனா. அந்தாளு தன்னையே தின்னுகினு கீறாரு" என்றார்.

சென்சாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டுக்குப் போனேன். அண்ணாச்சி காப்பி போட்டுக் கொடுத்தார். காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தார், நானும் சொல்லவில்லை. சுவிட்சைப் பற்றி எதிர் வீட்டுக்குச் சொல்லாத கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் எந்த வண்டியிலும் சென்சாரைக் கழற்றியதில்லை. அது பெரிய பிராயச்சித்தம் என்று நீங்கள் நினைக்க வேண்டாம், நானும் நினைக்கவில்லை.

அந்தக் கேட் இப்போது இல்லை. பாலம் வந்துவிட்டது, ஒரு நிமிஷத்தில் கடந்துவிடலாம். அன்று வண்டியை ஓரம் தள்ளிய இடம் எது என்று கீழே குனிந்து பார்த்தாலும் தெரியாது. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் ஓர் உணவகம். பாய் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அண்ணாச்சி ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். சுவிட்சைச் சொல்லாமல் விட்டது தன் தப்பு என்று கடைசிவரை புலம்பிக்கொண்டிருந்தாராம். போன தை மாதம் அவரும் இறந்துவிட்டதாக ராமலிங்கம் போனில் சொன்னார். சொல்ல வேண்டிய ஆள் இனி இல்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன். அந்தச் சென்சார் நன்றாகத்தான் இருந்தது.